இரண்டு ஆள் தண்ணீர் குடித்த புல்தரை

சென்னைப் புறநகர் மாடம்பாக்கம் வீட்டுக்கென்று ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருக்கிறேன். வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம். அப்பா தொடங்கிய பழக்கம் அது. அவர் போன பிறகு வீடும் நோட்டும் சேர்ந்தே என்னிடம் வந்தன. அதில் 2018 ஆகஸ்ட் பக்கத்தில் ‘தோட்டம் 1,15,000’ என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வீட்டின் ஒரு வருஷ வாடகையில் பாதிக்கு மேல். அடுத்த வருஷம் ஜூனில் போய்ப் பார்த்தபோது அந்தத் தோட்டத்தில் உயிரோடு இருந்தவை ஒரு நந்தியாவட்டையும், சுவரோரம் தானாக முளைத்த ஒரு பப்பாளியும்தான்.

பப்பாளிக்கு நான் ஒரு பைசா செலவழித்திருக்கவில்லை.

நாம் குடியிருக்கும் வீட்டில் தோட்டம் போடுவதற்குக் கணக்கு கேட்கக் கூடாது. காலையில் காப்பி டம்ளரோடு போய் நின்று பார்க்கிறோமே, அதுவே வரவு. வாடகைக்கு விடும் வீட்டில் அந்த வரவு வேறு யாருக்கோ போகிறது. நமக்கு வருவது வாடகை மட்டும். இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நான் பிறந்து வளர்ந்த வீடு என்பதால் அங்கே கணக்குப் போடும்போதெல்லாம் என் புத்தி கொஞ்சம் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு மரம் விழுந்ததுதான். முன்பக்கத்தில் அப்பா வைத்த மயில்கொன்றை ஒன்று நின்றது. மே மாதம் தெருவே அதைப் பார்த்துவிட்டுப் போகும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வார்தா புயல் வந்த பிற்பகலில் அது வேரோடு சாய்ந்து காம்பவுண்டுச் சுவரில் பத்தடியை எடுத்துக்கொண்டு போனது. சென்னையில் அன்றைக்கு விழுந்த ஆயிரக்கணக்கான மரங்களில் ஒன்று. மரத்தை வெட்டி அகற்றிச் சுவரை எழுப்பியதும் முன்னால் ஒரு பெரிய வெற்றிடம் பளீரென்று தெரிந்தது. வீடு ஒரு கிரவுண்டு மனையில் இருக்கிறது, 2,400 சதுர அடி. கட்டடம் போக 1,300 சதுர அடி திறந்தவெளி. வெயிலும் தூசியுமாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருந்தது.

லேண்ட்ஸ்கேப் வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் வந்தார். டேப்பை இழுத்து அளந்தார், போனில் படங்கள் காட்டினார், மறுநாளே கொட்டேஷன் அனுப்பினார். 500 சதுர அடிக்கு மெக்சிகன் புல், அதன் நடுவில் கருங்கல் பலகைகள் பதித்த நடைபாதை, நான்கு பாம் மரங்கள், சுவரில் விளக்கு, மூலையில் தண்ணீர் வழியும் ஒரு கல் பானை. படிக்கப் படிக்க அழகாக இருந்தது. அதில் எழுதாமல் விட்டவை என்னென்ன என்று பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வரும், வேலை முடிந்த மறுநாள் முதல் யார் பார்த்துக்கொள்வது, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது, இந்த மூன்றைப் பற்றியும் ஒரு வரி கூட இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. கொட்டேஷனில் அவர் எழுதியது அவருடைய வேலையைத்தான். மீதியை எழுத வேண்டியவள் நான்.

மூன்றாவது விஷயம் முதலில் வெடித்தது. எங்கள் பக்கத்தில் அப்போது பாதாளச் சாக்கடை கிடையாது, எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். 2019 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் குடித்தனக்கார அம்மா போன் செய்தார். “மேடம், பாத்ரூமில் தண்ணி இறங்க மாட்டேங்குது. லாரிக்காரர் வந்து நிக்கிறார். டேங்க் மூடி எங்க இருக்குன்னு கேக்கிறார்.” எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். சின்ன வயதில் அதன் மேல் நின்று பாண்டி விளையாடியிருக்கிறேன். ஆனால் இப்போது அது புல்லுக்குக் கீழே, ஆறு அங்குலச் செம்மண்ணுக்கும் கீழே எங்கேயோ இருந்தது. கடப்பாரையால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்து, கருங்கல் பலகைகள் இரண்டைப் பெயர்த்து, கடைசியில் மூடியைக் கண்டுபிடித்தார்கள். அந்த இடம் அதற்கப்புறம் ஒட்டுப்போட்ட பாய் மாதிரியே இருந்தது. அன்று முதல் எந்த வீட்டில் மண்வெட்டி இறங்குவதானாலும் முதலில் ஒரு தாளில் டேங்க் மூடி, சம்ப்பு, மழைநீர்த் தொட்டி, போர் குழாய், தரைக்கடியில் போகும் ஒயர் எல்லாவற்றையும் வரைந்துகொள்கிறேன். செலவு ஒரு தாள்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் போடுவதற்கு முன் வாடகை 16,000. தோட்டத்தைக் காட்டி 18,000 கேட்டேன். வந்தவர்கள் எல்லோரும் புல்லை ரசித்தார்கள். ரசித்துவிட்டு உள்ளே போய் சமையலறையில் எத்தனை ஷெல்ஃப், தண்ணீர் உப்பா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், இரண்டு வண்டி நிறுத்தலாமா என்றுதான் கேட்டார்கள். கடைசியில் படிந்தது 16,500. ஆக, தோட்டம் எனக்கு மாதம் 500 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுத்தது, வருஷத்துக்கு 6,000. போட்ட பணம் திரும்ப 19 வருஷம் ஆகும், அதுவும் பராமரிப்புச் செலவைக் கணக்கில் சேர்க்காமல். சேர்த்தால் திரும்பவே திரும்பாது. தோட்டக்காரருக்கு மாதம் இரண்டு நடை, உரம், புல்வெட்டுக் கூலி, மோட்டார் கரண்டு என்று மாதம் 1,500 போல ஆனது. வருஷத்துக்கு 18,000. ஒரு மாத வாடகையைத் தாண்டிய தொகை.

அப்புறம் 2019 கோடை வந்தது. அந்தக் குடும்பம் பிள்ளையின் படிப்புக்காக ஏப்ரலில் காலி செய்துகொண்டு போனது. வீடு ஜூன் கடைசி வரை பூட்டிக் கிடந்தது. அந்த ஜூனைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வெடித்த சேற்றுத் தரையாகக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த நேரத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று ஒரு தோட்டக்காரரிடம் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. புல் முதலில் வைக்கோல் நிறமானது, பிறகு காலில் மிதித்தால் பொடியானது.

தண்ணீர்க் கணக்கை நான் போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் 1,15,000 மிச்சமாகியிருக்கும் என்பதால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். நம்மூர்க் கோடை வெயிலில் புல்தரை பச்சையாக நிற்க ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் மழை பெய்த அளவுக்காவது தண்ணீர் வேண்டும். ஒரு சதுர அடிக்கு இது கிட்டத்தட்ட அரை லிட்டர். என்னுடைய 500 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 250 லிட்டர், மாதத்துக்கு 7,500 லிட்டர். நகர்ப்புறத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசாங்கத் திட்டங்களில் வைக்கும் அளவு. ஆக, நான் புல் போடவில்லை. வாடகை கொடுக்காத, வேலைக்குப் போகாத, கோடையில் ஊருக்கும் போகாத இரண்டு ஆட்களை அந்த வீட்டில் கூடுதலாகக் குடிவைத்திருக்கிறேன். சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் குடித்தனக்காரர் முதலில் யாரைப் பட்டினி போடுவார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். புல்லே கூடாது என்பவள் அல்ல நான். போர் தண்ணீர் நன்றாக இருக்கிற, ஆள் போட்டுப் பார்த்துக்கொள்கிற பெரிய வீடுகளில் அது சரிதான். 16,500 ரூபாய் வாடகை வீட்டுக்கு அது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்று நடப் போவது மாதிரி.

சூடு கண்ட பூனை கதையாக, அடுத்து நான் எதிர்க் கோடிக்குப் போனேன். 2020இல் அந்த இடம் முழுவதையும், பக்கச் சந்து உட்பட, பேவர் பிளாக் போட்டு மூடினேன். தண்ணீர் வேண்டாம், ஆள் வேண்டாம், களை வராது, இரண்டு கார் நிற்கும். சுத்தமாக இருந்தது. நோட்டிலும் பராமரிப்புப் பத்தி காலியாகவே கிடந்தது. ஒரு வருஷம் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

2021 நவம்பரில் மழை வந்தது. சென்னையில் அந்த ஒரே மாதத்தில் 1,000 மில்லிமீட்டரைத் தொட்ட மழை. 1,300 சதுர அடி திறந்தவெளியில் 100 மில்லிமீட்டர் பெய்தால் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 12,000 லிட்டர், பெரிய தண்ணீர் லாரி ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன் காசை நீட்டிக்கொண்டு காத்திருந்த அதே லாரி இப்போது இலவசமாக வாசலில் வந்து நின்றது. இறங்க மண் இல்லை. தெருவையும் ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் உயர்த்திக்கொண்டே போயிருந்தார்கள், அதனால் வெளியே போகவும் வழி இல்லை. பேவர் போட்டவர் தரையை மட்டமாகப் போட்டிருந்தார், தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அதாவது வாட்டம், இல்லாமல். மட்டம் அழகாக இருக்கும் என்று சொன்னது நான்தான். தண்ணீர் படியேறி ஹாலுக்குள் வந்து குடித்தனக்காரரின் கட்டில் காலை நனைத்தது. அந்த மாதம் பாதி வாடகை வாங்கிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, எனக்குத்தான் முழுதாக வாங்க மனம் வரவில்லை.

வீடுகளில் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்பா காலத்துத் தொட்டி இருந்தது. புல் போட்டவர் அதன் மேல் மண் போட்டார், பேவர் போட்டவர் அதன் மேல் கல் போட்டார். இருவரும் வேலை செய்தபோது பக்கத்தில் நின்றவள் யார் என்று நோட்டில் எழுதவில்லை.

இந்த இரண்டு அனுபவத்தையும் சுமந்துகொண்டுதான் 2022இல் கூடுவாஞ்சேரிப் பக்கம் வாங்கிய சின்ன வீட்டுக்குப் போனேன். 1,200 சதுர அடி மனை, முன்னால் இருநூறு சதுர அடி, பக்கத்தில் நாலடிச் சந்து. எதிர்பார்த்த வாடகை 14,000. இந்த முறை கணக்கைத் தலைகீழாகத் தொடங்கினேன். முதலில் எவ்வளவு போடலாம் என்று கேட்காமல், வருஷா வருஷம் எவ்வளவு கொடுத்துக்கொண்டே இருக்க முடியும் என்று கேட்டேன். அரை மாத வாடகை, அதாவது வருஷத்துக்கு 7,000 ரூபாய். அதற்கு மேல் கேட்கும் செடியோ புல்லோ விளக்கோ அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. முதல் செலவுக்கு இரண்டு மாத வாடகை, 28,000. இவை எந்தப் புத்தகத்திலும் உள்ள விதியல்ல, அடிபட்டவள் வைத்துக்கொண்ட வரம்பு. உங்கள் வீட்டுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் வருஷச் செலவை முதலில் எழுதுவது என்ற வரிசையை மட்டும் நான் இனி மாற்ற மாட்டேன்.

எந்த மாதத்தில் செய்வது என்பதிலும் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தார்கள். அதே ஆட்கள்தான் ஆடியில் வீடு மாறக் கூடாது, பால் காய்ச்சக் கூடாது என்றும் சொல்லிவைத்தார்கள். பள்ளிக்கூடம் மாறும் சமயத்தில், மேயிலோ ஜூனிலோ காலியாகும் வீட்டுக்கு ஆனி கடைசிக்குள் ஆள் வரவில்லை என்றால் ஆவணி வரை டு-லெட் போர்டு ஆடிக்கொண்டேதான் இருக்கும். வீட்டுக்காரர்கள் புலம்பும் அந்த மாதம்தான் செடி வைக்கச் சரியான மாதம். வெயில் தணிந்திருக்கும், அவ்வப்போது மாலையில் ஒரு மழை வரும், செடி வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி வந்து மீதித் தண்ணீரை அதுவே ஊற்றிவிடும். காலி வீட்டில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் மண் கொட்டலாம். ஆவணியில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் துளிர் தெரியும்.

கூடுவாஞ்சேரிச் செலவில் முதல் 7,000 கண்ணுக்கே தெரியாத வேலைக்குப் போனது. வாட்டமும் வடிகாலும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு வைத்து, சந்தின் ஓரமாகத் தண்ணீர் ஓடி மழைநீர்க் குழியில் இறங்கும்படி கொத்தனாரிடம் செய்யச் சொன்னேன். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை வாசல்படியில் கவிழ்த்து, அது எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து பார்த்தேன். கொத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பரவாயில்லை. அடுத்த 9,000 வண்டி நிற்க 120 சதுர அடி பேவருக்கு. மீதியில் சுவரோரமாக 60 சதுர அடிக்கு ஒரு பாத்தி. அவ்வளவுதான் தோட்டம்.

60 சதுர அடிப் பாத்தியை ஒன்றரை அடி ஆழம் நிரப்ப 90 கன அடி மண் வேண்டும். மண் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆக ஒரு யூனிட். இந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போனால் ‘ரெண்டு லோடு ஆகும்மா’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மண்ணும் எருவும் சேர்த்து 4,000 ஆனது. இந்தத் தடவை கொட்டுவதற்கு முன்னால் தோட்டக்கார அண்ணன் ஒரு கை அள்ளி விரலால் கிளறிப் பார்த்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், விவசாயம் செய்தவர். “கோரைக்கிழங்கு இருக்கான்னு பாக்குறேன்மா. மண்ணோட வந்திடுச்சுன்னா ஜென்மத்துக்கும் போவாது.” மாடம்பாக்கத்தில் புல் செத்த இடத்தில் பிறகு செழிப்பாக முளைத்த பச்சை என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

செடிக்கு 2,500. அதில் நாற்பது இட்லிப்பூச் செடி, ஒன்று 25 ரூபாய், மொத்தம் 1,000. நர்சரியிலிருந்து கொண்டுவந்து இறக்கக் குட்டியானை வண்டிக்குத் தனியாக வாடகை 1,500. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பதுதான் நினைவுக்கு வந்தது. அதனால் இப்போதெல்லாம் செடி, எரு, வேப்பம் புண்ணாக்கு, தொட்டி எல்லாவற்றையும் எழுதிவைத்து ஒரே நடையில் முடிக்கிறேன். மறந்த ஒரு செடிக்காகத் திரும்பப் போவதில்லை. இரண்டு ஆட்கள், இரண்டு நாள், தலைக்கு 900 என்று கூலி 3,600. கூட்டினால் 27,600. வரம்புக்குள் நின்றுவிட்டேன் என்று பெருமையாக நோட்டை மூடிய அன்று சாயங்காலம்தான் வெளியே ஒரு குழாய் வைக்க மறந்தது தெரிந்தது. சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து வந்து என் செடிக்கு எந்தக் குடித்தனக்காரர் ஊற்றுவார்? பிளம்பர், பைப், குழாய் எல்லாமாக 1,900. வரம்பு தாண்டியது. ஆனால் அந்தத் தோட்டத்தில் மிக உபயோகமான 1,900 அதுதான்.

என்ன செடி வைப்பது என்பதற்கு ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் வீடு மூன்று வாரம் பூட்டிக் கிடந்தால் இது பிழைக்குமா? வேர் பிடித்த நந்தியாவட்டை பிழைக்கும். இட்லிப்பூ வாடும், ஆனால் திரும்பி வரும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் விடாவிட்டால்தான் பூவே அதிகம். செம்பருத்தி பிழைத்துக்கொள்ளும், மாவுப்பூச்சியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலை ஒன்று கட்டாயம் வேண்டும். வீடு பார்க்க வரும் பெண்கள் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பதை நானே பலமுறை கவனித்திருக்கிறேன். என் 1,15,000 ரூபாய்ப் புல்லை யாரும் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. அரளி எந்த வெயிலுக்கும் அசையாது, ஆனால் அதன் எல்லாப் பாகமும் விஷம் என்பதால் குழந்தைகள் வந்துபோகும் வாடகை வீட்டில் நான் வைப்பதில்லை. காகிதப்பூவையும் கேட் பக்கம் வைக்காதீர்கள், முள் குத்தி ஸ்கூட்டியில் வருபவர்கள் நம்மைத்தான் திட்டுவார்கள். தொட்டிச் செடியும் வேண்டாம் என்பேன். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து பார்த்து அபராதம் என்று சொன்னால் அது யாருடைய தொட்டி என்ற வழக்கு வேறு.

யாருடைய தோட்டம் என்பதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஒரு அட்டவணையே இருக்கிறது. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச் மாற்றுவது, ஜன்னல் கண்ணாடி மாற்றுவது, தாங்கள் பயன்படுத்தும் தோட்டத்தையும் திறந்தவெளியையும் பராமரிப்பது எல்லாம் வாடகைதாரருக்கு. படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் வேலைக்கு ஓடும் ஒரு வீட்டில் சட்டத்தின் அட்டவணை போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. நான் ஒப்பந்தத்தில் எழுதுவது எளிமையானது. தண்ணீர் ஊற்றுவது அவர்கள், வெட்டுவதும் எரு போடுவதும் என் செலவு, புதிதாகக் குழி தோண்டுவதென்றால் என்னைக் கேட்க வேண்டும். வருஷத்துக்கு நான்கு தடவை அண்ணனை அனுப்புகிறேன், தடவைக்கு 900. எருவும் செத்த செடிக்கு மாற்றும் 1,800. புரட்டாசியில் மழைநீர்க் குழியின் வண்டலை அள்ள 900. ஆக 6,300. ஏழாயிரத்தில் மீதி 700ஐ எதற்கும் தொடுவதில்லை, கார்த்திகையில் எப்படியும் அதற்கு ஏதாவது வழி வரும்.

நண்பர்கள் சிலர் “செலவு பண்ணினா டாக்ஸ்ல கழிச்சுக்கலாமே” என்பார்கள். வீட்டு வாடகை வருமானத்தில் அப்படி நடப்பதில்லை. வாடகையில் கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் மொத்தமாகக் கழிப்பார்கள், பராமரிப்புக்கெல்லாம் சேர்த்து அவ்வளவுதான். நான் தோட்டத்துக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் கழிவு அதே. பில்லைப் பத்திரமாக வைத்திருந்து ஆடிட்டரிடம் நீட்டி, அவர் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

மரங்களைப் பற்றிக் கொஞ்சம். மாடம்பாக்கத்தில் பின்பக்கம் இரண்டு தென்னை இருக்கிறது. தென்னை இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற ஆள் வேண்டும், மரத்துக்கு 200. வருஷத்துக்கு 2,400. காய் பறிக்காமல் விட்டால் பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடி மேல் விழும், அப்போது இந்த 2,400 மிக மலிவாகத் தெரியும். காய் குடித்தனக்காரருக்கு, ஏறும் கூலி எனக்கு என்று வைத்திருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் முதலில் வந்தவர்கள் என்னைக் கேட்காமலே செப்டிக் டேங்க் பக்கத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றிவிட்டார்கள். முருங்கையைப் பற்றித் தெரியுமல்லவா, திரும்பிப் பார்ப்பதற்குள் மாடியைத் தொட்டது. காற்றுக்கு மளுக்கென்று ஒடியும் மரம் அது. வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு கட்டுக் கீரை கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் காலி செய்த பிறகுதான் கழித்தேன். கூலி 1,200, நோட்டில் ‘கீரை’ என்ற தலைப்பில் இருக்கிறது.

இந்த ஆடியில் மாடம்பாக்கம் காலியாக இருந்தது. வாடகை இப்போது 22,000, என் வரம்புப்படி முதல் செலவுக்கு 44,000 வரை இடமிருக்கிறது. முதல் வேலையாக, சுவரோரம் இரண்டு பக்கமும் சேர்த்து 200 சதுர அடிக்குப் பேவரைப் பெயர்த்தோம். கீழே அப்பாவின் மழைநீர்த் தொட்டி கிடைத்தது, உள்ளே கெட்டிச் சேறு. இரண்டு ஆள் ஒரு நாள் முழுக்க அள்ளினார்கள். அதன் மேலும் சுற்றிலும், 2018இல் கொண்டுவந்து கொட்டிய செம்மண். அண்ணன் குனிந்து அதில் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“நல்ல மண்தாம்மா. வெளியில இருந்து வாங்க வேணாம். கோரைய மட்டும் பொறுக்கிடலாம்.”

“திரும்பவும் புல் போடச் சொல்லுவீங்களோன்னு பயந்துட்டேன் அண்ணா.”

“நான் எதுக்குச் சொல்றேன். எங்க ஊர்ல மாட்டுக்குத்தான் புல்லு போடுவோம்.”

நந்தியாவட்டை எட்டு, கறிவேப்பிலை ஒன்று, மயில்கொன்றை நின்ற இடத்திலிருந்து தள்ளி, சுவரிலிருந்தும் டேங்கிலிருந்தும் விலகி ஒரு புங்கங்கன்று. அது நிழல் தர ஆறேழு வருஷம் ஆகும். பேவருக்கு மீண்டும் வாட்டம் கொடுத்துப் பதித்த கூலியோடு எல்லாம் சேர்த்து 31,400. பெயர்த்த கற்களைப் பின்பக்கம் அடுக்கிவைத்திருந்தோம். மூன்றாவது தெருவில் மாட்டுக் கொட்டகை வைத்திருப்பவர் தரைக்கு ஆகும் என்று கேட்டு வந்தார், விலை பேசி, தானே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டார். அன்று ராத்திரி நோட்டைத் திறந்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தோட்டத்துக்காக இடது பக்கத்தில் எழுதினேன்: ‘பழைய பேவர், 4,000.’